இடிக்குப் பிறகு கிளிக் எண்டு நிக்கிற ரிசீவர்: எறியிறதுக்கு முதல் பாக்க வேண்டியது

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: வெள்ளவத்தையில மூண்டாம் மாடி ஃபிளாட், 8 வருசம் பழைய 5.1 ஏவி ரிசீவர் (ரீவி, டிஷ் சத்தத்தை 5 ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி), போன ஒக்டோபர் ஒரு பின்னேரம் பெரிய இடி ஒண்டு இடிச்ச பிறகு ஓன் பண்ணினா கிளிக் எண்டு சத்தம் வந்து மூண்டு நாலு செக்கனில தானா ஓஃப் ஆகி சிவப்பு லைட் மினுங்குது, சப்வூஃபர் வேற ஒண்டும் போடாம சும்மா இருக்கேக்கையும் ம்ம்ம் எண்டு இரையுது, கடையில குடுத்தா திறந்துகூடப் பாக்காம "மெயின் போர்ட் போச்சு, 85,000 வரும், புதுசு வாங்குங்க" எண்டு சொல்லியிருக்கிறாங்க. உங்களிட்ட மல்டிமீற்றரும் சோல்டரிங் அயனும் இருக்கு, நீங்களே திருத்தலாமா இல்லாட்டி எறியிறதா எண்டு கேக்கிறீங்க.

எறியாதீங்கோ. இப்போதைக்கு திறக்கவும் வேண்டாம்.

நான் 20 வருசத்துக்கு மேல இந்தப் பெட்டியள் திறந்து பாக்கிறன், எங்கட கொழும்பில நான் கண்டது என்னெண்டா பெட்டி தன்ரபாட்டில வயசாகிச் சாகிறது குறைவு, வெளியில இருந்து வாறதுதான் கொல்லுது. டிஷ் கேபிளால வாற இடி, கறண்ட் போய்த் திரும்பி வரேக்க வாற உதை, மரைன் டிரைவ் கடற்கரைப் பக்கமிருந்து வாற உப்புக்காத்து, அலுமாரிக்குள்ள அடைச்சு வைக்கிற சூடு, எறும்பு, பல்லி. அதால வெளியில இருந்து தொடங்கி ஒவ்வொண்டாக் கழிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போகோணும். எடுத்த உடன மூடியைக் கழட்டிறவை பழுதைக் கண்டுபிடிக்கிறதை விட புதுப் பழுது ஒண்டு வைக்கிறதுதான் கூட.

முதல் வேலை, ரிசீவரைச் சுவத்துப் பிளக்கில இருந்து கழட்டி, பின்னால குத்தியிருக்கிற எல்லாத்தையும் உருவுங்கோ. ஸ்பீக்கர் வயர், எச்டிஎம்ஐ, டிஷ் பெட்டி, லான் கேபிள், சப்வூஃபர் வயர், எல்லாம். எது எங்க இருந்தது எண்டு ஃபோனில ஒரு படம் எடுத்து வையுங்கோ. அரை மணித்தியாலம் விட்டுட்டு வெறும் பவர் வயரை மட்டும் குத்தி ஓன் பண்ணுங்கோ. ஓன் ஆகி அப்பிடியே நிண்டுட்டுது எண்டா உங்கட ரிசீவர் செத்துப்போகேல்ல, வெளியில ஒரு வயர்தான் பிரச்சினை. ஸ்பீக்கர் வயரின்ர நுனியில இருக்கிற மெல்லிய செம்பு இழை ஒண்டு பக்கத்து டேர்மினலையோ பின்பக்கத் தகரத்தையோ தொட்டுக்கொண்டு நிண்டாலே காணும், ரிசீவர் தன்னைக் காப்பாத்த ஓஃப் ஆகும். இடிக்குப் பிறகு ஆரும் பின்னால கை விட்டு இழுத்துப் பாத்திருப்பினம், அதில ஒரு இழை விலகியிருக்கும், ஆனா எல்லாரும் இடியைத்தான் குற்றம் சொல்லுவினம். இப்பிடி ரெண்டு மூண்டு செட் எனக்கு வந்திருக்கு, வயரைத் திரும்பச் சீவி இறுக்கினதோட வேலை முடிஞ்சுது, காசும் வாங்கேல்ல.

நிண்டா ஒவ்வொரு வயராத் திரும்பக் குத்துங்கோ, ஒவ்வொரு முறையும் ஓஃப் பண்ணிப்போட்டு. எந்த வயரோட விழுதோ அதுதான் கள்ளன். ஸ்பீக்கர் ஒவ்வொண்டையும் மல்டிமீற்றரில ஓம் பாருங்கோ, 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 எண்டு காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 சொச்சம் காட்டும், 0 அல்லது 1 ஓம் எண்டு காட்டினா உள்ளுக்கு இருக்கிற கொயில் ஷோர்ட்.

ஒண்டும் குத்தாமலும் விழுதெண்டா அந்தக் கிளிக் சத்தத்தைக் கவனமாக் கேளுங்கோ, ஏனெண்டா பெரும்பாலான ரிசீவரில ரெண்டு கிளிக் இருக்கு. முதலாவது ரிலே (கறண்டால வேலை செய்யிற சுவிச்) பெரிய ட்ரான்ஸ்ஃபோமருக்கு கறண்ட் குடுக்கிறது. பிறகு உள்ளுக்கு இருக்கிற புரொசசர் சில செக்கன் எல்லாத்தையும் செக் பண்ணும், ஸ்பீக்கர் லைனில டிசி (ஒரே திசையில ஓடுற கறண்ட்) இருக்கா, சூடு கூடவா, சப்ளை வோல்ட் எல்லாம் சரியா எண்டு. எல்லாம் சரியெண்டாத்தான் ரெண்டாவது கிளிக், அது ஸ்பீக்கர் ரிலே. உங்களுக்கு ஒரு கிளிக்கோட விழுது எண்டு எழுதியிருக்கிறீங்க, அப்ப ரெண்டாவது கிளிக் வரமுதலே அது ஏதோ ஒண்டைக் கண்டு பயந்து நிக்குது, அதாவது அவுட்புட்டில டிசி, அல்லது ஏதோ ஒரு சப்ளை லைன் விழுந்திருக்கு. இடிக்குப் பிறகு எண்டதால எனக்கு ரெண்டாவதிலதான் சந்தேகம் கூட, எச்டிஎம்ஐ சேர்க்கிட் போர்ட்டில ஒரு சிப் ஷோர்ட்டாகி 5 வோல்ட் லைனையோ 3.3 வோல்ட் லைனையோ கீழ இழுத்துக்கொண்டு நிக்கும்.

இதைப் பெட்டியிட்டயே கேட்டுப் பாக்கலாம். நிறைய யமஹா ரிசீவரில முன்பக்கப் பட்டன் ரெண்டை அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஓன் பண்ணினா ஒரு டயக்னொஸ்டிக் மெனு வரும், கடைசியா ஏன் விழுந்தது எண்டு அதில எழுதியிருக்கும்: டிசி, பவர் சப்ளை, சூடு, கூடின கறண்ட் எண்டு தனித்தனிய. டெனனிலயும் இந்த மாதிரி ஒரு வழி இருக்கு. எந்தப் பட்டன் எண்டது மொடலுக்கு மொடல் வேற, உங்கட மொடல் நம்பரோட சேர்விஸ் மனுவல் எண்டு தேடினா பிடிஎஃப் கிடைக்கும். ஒரு விசயம், பாதுகாப்பை வெட்டிப்போட்டு ஓன் பண்ணுற வழியும் சில மெனுவில இருக்கும், தயவு செய்து அதைத் தொடாதீங்கோ, உண்மையா அவுட்புட்டில டிசி இருந்தா ஸ்பீக்கரும் எரியும் மிச்சமிருக்கிற ட்ரான்சிஸ்டரும் போகும்.

இனித் திறக்கிறது. இதில நான் கொஞ்சம் கண்டிப்பாத்தான் சொல்லுவன், பிழையா நினைக்காதீங்கோ. எங்கட கறண்ட் 230 வோல்ட், அதை ரெக்டிஃபை பண்ணினா சுவிச் மோட் சப்ளையின்ர (பெரிய ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாத பவர் சப்ளை) பெரிய கப்பாசிட்டரில, அதாவது கறண்டைத் தேக்கி வைக்கிற சாமானில, 325 வோல்ட் டிசி நிக்கும், பிளக்கைக் கழட்டினாப் பிறகும் கொஞ்ச நேரம் நிக்கும். ரிசீவரின்ர நடுவில இருக்கிற ரெண்டு தடிச்ச கப்பாசிட்டரும் அப்பிடித்தான், வோல்ட் குறைவு ஆனா தேக்கி வைச்சிருக்கிற கறண்ட் கூட. ஸ்குரூட்ரைவரால ஷோர்ட் பண்ணி டிஸ்சார்ஜ் பண்ணுறதை வீடியோவில பாத்திருப்பீங்க, அதைச் செய்யாதீங்கோ. 2.2 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்டுக்கு ரெண்டு பக்கமும் நல்ல றப்பர் வயர் பிடிச்சு, அதைக் கப்பாசிட்டரின்ர ரெண்டு காலிலயும் வைச்சு ரெண்டு நிமிசம் பிடியுங்கோ, பிறகு மீற்றரில பாத்து ரெண்டு மூண்டு வோல்ட்டுக்குக் கீழ வந்தாத்தான் கை வைக்கோணும். செருப்புப் போடுங்கோ. கறண்ட் இருக்கேக்க அளக்கிறதெண்டா ஒரு கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொள்ளுங்கோ, பக்கத்தில ஒரு ஆள் இருக்கோணும். இதில ஏதாவது ஒண்டு உங்களுக்குச் சரிவராதெண்டா இந்த இடத்தில நிப்பாட்டிப்போட்டு, மேல செய்து பாத்த முடிவுகளோட ரிசீவர் திருத்துற ஒரு நல்ல பாஸிட்டக் கொண்டுபோங்கோ, அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

திறந்த உடன மீற்றரை எடுக்காதீங்கோ, கண்ணால பாருங்கோ, மணந்து பாருங்கோ. கருகின மணம் எங்க இருந்து வருது. கப்பாசிட்டரின்ர தலை தட்டையா இருக்கோணும், மேல பொங்கியிருந்தா அது முடிஞ்சுது. பல்லி ஒண்டு சூட்டுக்கு உள்ளுக்கு வந்து போர்ட்டில சாமானின்ர ரெண்டு காலுக்கு நடுவில படுத்துக் காய்ஞ்சுபோய் இருக்கிறதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறன், பல்லி எச்சமும் உப்பு ஈரமும் சேந்தா போர்ட்டில இருக்கிற செம்பையே தின்னும். இருந்தா ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் பழைய பல்லுப் பிரஷும் போட்டுக் கழுவிக் காய விடுங்கோ. சில செட்டில பெரிய கப்பாசிட்டர் ஆடாம இருக்க மண்ணிறப் பசை ஒண்டு ஒட்டியிருப்பாங்க, வருசம் போகப் போக அது கருத்து கறண்டைக் கடத்தத் தொடங்கும், அதைப் பல்லுக்குத்தியால சுரண்டி எடுக்கோணும். இந்தப் பசை சப்வூஃபரிலதான் கூட, அதுக்குப் பிறகு வாறன்.

ஓன் ஆகாம லைட் மட்டும் மினுங்கிற செட்டில ஸ்டான்ட்பை சப்ளையிலதான் (ஓஃபில இருக்கேக்கையும் ஓடுற சின்ன சப்ளை) நான் முதல் தேடுவன். அங்க 47 மைக்ரோஃபராட் 50 வோல்ட் மாதிரி ஒரு சின்னக் கப்பாசிட்டர் இருக்கும், அது பொங்காது, வெளியில பாக்கப் புதுசு மாதிரி இருக்கும், உள்ளுக்குக் காய்ஞ்சு போயிருக்கும். மாத்தேக்க அதே மைக்ரோஃபராட், வோல்ட் அதே அல்லது கொஞ்சம் கூட, 105 பாகை எண்டு எழுதினது, பிளஸ் மைனஸ் மாறாம. 85 பாகை வாங்காதீங்கோ, மலிவுதான், ஆனா 10 பாகை சூடு கூடினா கப்பாசிட்டரின்ர ஆயுள் பாதியாகும் எண்டது இந்தத் தொழிலில எல்லாரும் வைச்சிருக்கிற கணக்கு, கொழும்பில அறையே 30 பாகை, கண்ணாடிக் கதவு போட்ட ரீவி அலுமாரிக்குள்ள ரிசீவர் எப்பிடி வேகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

மெனுவில டிசி எண்டு காட்டினா அது வேற வேலை. ஹீட்சிங்கில (சூட்டை வெளியேத்திற உலோகத் தகடு) வரிசையா நிக்கிற, ஸ்பீக்கரை ஓட்டுற அவுட்புட் ட்ரான்சிஸ்டரை, கறண்ட் இல்லாம, மீற்றரின்ர டயோட் மோட்டில ஒவ்வொண்டா அளவுங்கோ, நல்லதெண்டா ஒரு பக்கம் 0.5, 0.6 எண்டு காட்டும், கலெக்டர் எமிட்டருக்கு நடுவில 0க்குக் கிட்டக் காட்டினா ஷோர்ட். பக்கத்துச் சனலோட ஒப்பிட்டுப் பாத்தா வித்தியாசம் உடன தெரியும். ஒண்டு போயிருந்தா சோடியா மாத்தோணும், டிரைவர் ட்ரான்சிஸ்டரையும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரையும் பாக்காமப் புதுசைப் போட்டா அதுவும் அடுத்த செக்கன் போகும். பெரிய தலையிடி போலிச் சாமான். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 எண்ட அவுட்புட் ட்ரான்சிஸ்டர் சோடிக்கு உலகம் முழுக்கப் போலி இருக்கு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில மலிவாக் கிடைக்குதெண்டு நாலு சோடி வாங்கி எல்லாம் முதல் பாட்டிலயே வெடிச்ச ஆக்கள் இருக்கினம். கடைக்காரருக்கே தெரியாமலும் இருக்கலாம், அவரும் வாங்கித்தான் விக்கிறார். பெரிய உதிரிப்பாக டிஸ்ட்ரிபியூட்டரிட்ட ஒன்லைனில எடுக்கிறது விலை கூட, நாளும் செல்லும், ஆனா ஒருக்காத்தான் மாத்துவீங்க.

எதை மாத்தினாலும் முதல் ஓன் பண்ணேக்க நேரச் சுவத்தில குத்தாம பழைய இழை பல்ப் ஒண்டை சீரிஸில, அதாவது கறண்ட் பல்ப்புக்குள்ளால போய்த்தான் பெட்டிக்கு வாற மாதிரி, போட்டு ஓன் பண்ணுங்கோ, 100 வாட், எல்ஈடி சரிவராது. பல்ப் ஒருக்கா எரிஞ்சு மங்கினா நல்லது, பளிச்செண்டு நிண்டா இன்னும் ஷோர்ட் இருக்கு, உடன கழட்டுங்கோ. பெட்டியைத்தான் பல்ப் காப்பாத்தும், உங்களை இல்லை, அதால கை கவனம்.

இனி எச்டிஎம்ஐ. உண்மையா அந்த சேர்க்கிட் போர்ட்தான் போயிருந்தா, பெரிய சிப்பை நீங்க சோல்டரிங் அயனால மாத்தேலாது, அனேகமா அடியில நிறையக் குண்டுமணி மாதிரிப் புள்ளியளில ஒட்டியிருக்கும். ஹீட்கன் அடிக்கிறது, போர்ட்டை அவணில வைச்சுச் சுடுறது எல்லாம் சொல்லுவாங்க, சில நேரம் கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு திரும்ப அதே கதை, அதுக்குள்ள பக்கத்துப் பிளாஸ்டிக் சொக்கட் எல்லாம் உருகியிருக்கும். நான் செய்யிறது, அதே மொடல் உடைஞ்ச செட் ஒண்டு தேடி அதில இருந்து முழு போர்ட்டை எடுத்து மாத்துறது, மொடல் நம்பரின்ர கடைசி எழுத்து வரைக்கும் பொருந்தோணும். 85,000 எண்டு உங்களுக்குச் சொன்னது புது போர்ட் விலையா எண்டும் கேட்டுப் பாருங்கோ.

ரிசீவர் ஓன் ஆகி நிக்குது, எச்டிஎம்ஐ மட்டும் செத்திட்டுது எண்டா நீங்க ஒண்டும் திருத்தத் தேவையில்லை. ரீவியில இருந்து ரிசீவருக்கு ஒரு ஒப்டிக்கல் கேபிள் போடுங்கோ, ரீவியின்ர சவுண்ட் செட்டிங்கில பிட்ஸ்ட்ரீம் அல்லது டொல்பி டிஜிட்டல் எண்டு மாத்துங்கோ. 5.1 முழுசா வரும், தலைக்கு மேலயும் சத்தம் வாற அட்மோஸும் புளூரேயில இருக்கிற தரம் குறையாத லொஸ்லெஸ் சத்தமும் வராது, 5 ஸ்பீக்கர் வைச்சிருக்கிற ஒரு ஹோலுக்கு எனக்கெண்டா அது பெரிய நட்டமாத் தெரியேல்ல. அதைவிட முக்கியம், ஒப்டிக்கல் எண்டது வெறும் வெளிச்சம், அதுக்குள்ளால இடி வராது.

ஏனெண்டா உங்கட ரிசீவருக்கு இடி வந்த வழி சுவத்துப் பிளக்கா இருக்கிறது குறைவு எண்டு நான் நினைக்கிறன். டிஷ் மொட்டைமாடியில நிக்குது, அதில இருந்து செம்புக் கேபிள் நேர டிஷ் பெட்டிக்கு, அதில இருந்து எச்டிஎம்ஐ ரிசீவருக்கு. பக்கத்தில எங்கயோ இடி விழுந்தாலே அந்த நீளக் கேபிளில வோல்ட் ஏறும், அது 5 வோல்ட்டில வேலை செய்யிற ஒரு சிப்பில வந்து முடியும். ஃபைபர் இன்டர்நெட் எண்டா கண்ணாடி இழையால கறண்ட் வராது, ஆனா ரவுட்டரில இருந்து வாற லான் கேபிள் செம்புதான். மார்ச் ஏப்ரல், ஒக்டோபர் நவம்பர், ரெண்டு பருவமழைக்கும் நடுவில பின்னேர இடி அடிக்கிற காலம், அந்த மாதங்களில வானம் கறுத்தா டிஷ் கேபிளையும் லானையும் பிளக்கையும் மூண்டையும் உருவுங்கோ. பிளக்கை மட்டும் கழட்டிப்போட்டு டிஷ் கேபிளை விட்டா பாதிதான் செய்தது. எங்கட வீட்டில மதியம் வேலைக்குப் போகேக்கயே உருவிப்போட்டுத்தான் போறது.

சேர்ஜ் புரொடெக்டர் இருக்கே எண்டு கேப்பீங்க. அதுக்கு ஏர்த் வேணும். எங்கட ஆக்கள் நடு ஓட்டையில பேனையைக் குத்தி ரெண்டு பின் பிளக்கைத் திணிக்கிற பழக்கம் இருக்கே, அதில ஏர்த் இல்லை, ஏர்த் இல்லாட்டி அந்த ஸ்ட்ரிப்பில ஏர்த்துக்குத் தள்ளுற பகுதி வேலையே செய்யாது. உள்ளுக்கு இருக்கிற வேரிஸ்டரும் (கூடின வோல்ட்டைத் தாங்கிற சாமான்) ஒவ்வொரு அடிக்கும் தேயும், பச்சை லைட் எரியுறதை நம்பேலாது. கறண்ட் போற நேரமும் இதே அளவு முக்கியம். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினது ஞாபகமிருக்கும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின் நிலையத்தில குரங்கு ஒண்டு பட்டு நாடு முழுக்கப் போனது, இப்பிடிப் போறதால இல்லை, திரும்பி வாற அந்த நிமிசத்தாலதான் சப்ளை போகுது. கறண்ட் போன உடன சுவிச்சை ஓஃப் பண்ணுங்கோ, வந்து அஞ்சு நிமிசம் பொறுத்துப் போடுங்கோ.

இடையில ஒண்டு, ஆராவது ஜப்பான் ரீகண்டிஷன் அம்ப் மலிவா இருக்கெண்டு காட்டினா பின்பக்கம் 100 வோல்ட் எண்டு எழுதியிருக்கா எண்டு பாக்காம வாங்கிக் குத்தாதீங்கோ, எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை நல்ல அம்ப் ஒண்டை முதல் செக்கனிலயே அப்பிடி எரிச்சவர். 230ஐ 100 ஆக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேணும், அம்ப் எடுக்கிற வாட்டைப்போல ரெண்டு மடங்கில.

உப்புக்காத்துக்கு ஒரு அடையாளம் சொல்லுறன், இது உங்களுக்கு இண்டைக்கு இல்லாட்டியும் நாளைக்கு வரும், கடற்கரைப் பக்க வீடுகளில எல்லாம் வரும். ஒரு பக்க ஸ்பீக்கர் சத்தம் குறைச்சு வைச்சா வராது, வொலியூமைக் கூட்டினா டக் எண்டு வரும், பிறகு குறைச்சாலும் நிக்கும், அடுத்தநாள் திரும்ப அதே. அது ஸ்பீக்கர் இல்லை, வயரும் இல்லை, ஸ்பீக்கர் ரிலேயின்ர கொன்டாக்ட் கறள் பிடிச்சது. மண்கடதாசி போட்டு உரைஞ்சா மேல இருக்கிற நல்ல பூச்சும் போகும், ரிலேயை மாத்துங்கோ, கொயில் வோல்ட்டும் கால் அமைப்பும் பாத்து. கரகர எண்டுற வொலியூம் பட்டனுக்கு கொன்டாக்ட் கிளீனர், டபிள்யூடி-40 அடிக்காதீங்கோ.

சப்வூஃபர் இரைச்சலுக்கு முதல் ரிசீவரில இருந்து வாற ஆர்சிஏ வயரை சப்வூஃபர் பக்கத்தில கழட்டுங்கோ. இரைச்சல் நிண்டா சப்வூஃபர் நல்லது, பிரச்சினை கிரவுண்ட் லூப் (ஏர்த் ரெண்டு வழியால சேந்து இரையுறது), அதுக்கும் அனேகமா டிஷ் கேபிள்தான் காரணம், டிஷ் பெட்டியில கேபிளை உருவிப் பாத்தா தெரியும். கழட்டியும் இரைஞ்சா பின்பலகையில இருக்கிற அம்ப் போர்ட்டைப் பாருங்கோ, மேல சொன்ன மண்ணிறப் பசை, காய்ஞ்ச ஃபில்டர் கப்பாசிட்டர், அதோட வருசக்கணக்கா அதிர்ந்து அதிர்ந்து பெரிய சாமான்களின்ர காலைச் சுத்தி சோல்டர் வளையமா வெடிச்சிருக்கும், வெளிச்சத்தில சரிச்சுப் பாத்தா தெரியும், பழைய சோல்டரை எடுத்துப்போட்டுப் புதுசு வையுங்கோ. கோனைச் சுத்தியிருக்கிற விளிம்பு ஃபோமா எண்டும் விரலால மெல்லத் தொட்டுப் பாருங்கோ, எங்கட ஈரத்தில அது பிட்டு மாதிரி உதிரும், மாத்தேக்க றப்பர் விளிம்பு போடுங்கோ.

இந்தச் சனி ஞாயிறில எல்லா வயரையும் கழட்டின டெஸ்டை மட்டும் செய்யுங்கோ, மூடியைத் தொட வேண்டாம். செய்துபோட்டு மொடல் நம்பர், ரெண்டாவது கிளிக் வந்ததா இல்லையா, டயக்னொஸ்டிக் மெனுவில என்ன எழுத்து வந்தது, இந்த மூண்டையும் எழுதுங்கோ, எந்த லைனை எங்க வைச்சு அளக்கிறதெண்டு சேர்விஸ் மனுவலைப் பாத்துச் சொல்லுறன்.